குவார்ட்டர்ஸ் தெரியும்படி எடுத்த ரயில் படங்கள்

பெங்களூரில் ஓடும் ரயில்களுக்குப் பின்னால் இன்ஜின் இருப்பதில்லை. ஒக்கலிபுரத்தில் நான் குடியிருக்கும் மாடியிலிருந்து பார்த்தால் சிட்டி ஸ்டேஷனுக்குள் நுழையும் வண்டிகள் எல்லாம் தெரியும். கடைசிப் பெட்டி போன பிறகும் கண் இன்னும் ஒன்றுக்காகக் காத்திருக்கும். செங்கோட்டைக்கு மேற்கே மலை ஏறும் எங்கள் பாதையில் முன்னால் ஒரு இன்ஜின் இழுக்கும், பின்னால் இன்னொன்று தள்ளும். அதைப் பேங்கர் என்பார்கள். இங்கே தரை சமம், தள்ளுவதற்கு ஆள் வேண்டாம். அது தெரிந்தும், வண்டி சட்டென்று முடிந்துபோவதைப் பார்த்தால் எங்கோ ஏதோ கழன்று விழுந்துவிட்டதோ என்று தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் அடுகோடி வரை போன பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வந்தவன்.

அடுகோடியில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்குக் கைகொடுத்த தொழில், இந்த ஊரில்தான் அதற்கு மரியாதை. என் மனைவி சொர்ணம் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்வுமன். எங்கள் ஊர் மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் தண்டவாளத்தை மாற்றிவிடுவதும் கொடி காட்டுவதும் வேலை. அவள் அப்பா பணியில் இருக்கும்போது இறந்து, அவர் வேலை இவளுக்கு வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அங்கே, நான் இங்கே. ஊரில் எனக்கென்று வீடு கிடையாது. லீவுக்குப் போனால் இறங்குவது அவளுடைய குவார்ட்டர்ஸில்தான்.

ரயில்வேயில் மியூச்சுவல் என்று ஒரு வழி உண்டு. இங்கே அதே வேலையில் இருக்கும் ஒருவர் அவள் இடத்துக்குப் போக ஆசைப்பட்டால், இரண்டு பேரும் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெங்களூரை விட்டுப் போக யாருக்கு மனசு வரும்? விசாரித்ததில் எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் மங்களூர் போகும் வழியில் இருக்கும் சக்லேஷ்பூர் மலைப்பாதை ஞாபகத்துக்கு வந்தது. மழைக்காடு, சுரங்கங்கள், தனியாகக் கிடக்கும் ஸ்டேஷன்கள். அங்கிருந்து ஓடிப்போக நினைப்பவர் யாராவது இருப்பார் என்று தோன்றியது. பகல் ரயிலில் நாலைந்து மணி நேரத்தில் அவள் என்னிடம் வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். யாரும் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, போனில் ரயிலைப் படம் எடுக்கிறவனானேன். டேங்கர் கோத்த கூட்ஸ் வண்டி வளைவில் உடலை முறுக்கிக்கொண்டு வருவதை எடுத்தேன். மங்களூர் பாசஞ்சர் சுரங்கத்திலிருந்து புகையோடு வெயிலுக்கு வருவதை எடுத்தேன். எல்லாவற்றையும் சொர்ணத்துக்கு அனுப்பினேன். இங்கேயும் பின்னால் இன்ஜின் தள்ளுகிறது பார் என்று எழுதினேன்.

ஒரு ஸ்டேஷனில் மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். தண்டவாளத்தில் நடந்து வீடியோ எடுக்கிற பையன்களோடு என்னையும் சேர்த்துவிட்டார். "லைன் மேலே ஹோகபார்து, கேஸ் ஹாக்தீனி" என்றார், லைன் மேல் போனால் கேஸ் போடுவாராம். நான் நடக்கவில்லை, என் ஹெண்டத்தி, அதாவது மனைவி, ரயில்வே என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். ஹெண்டத்தியைத் தேடி இங்கே வந்தாயா, எந்த வண்டியில் காணாமல் போனாள் என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. அப்போது கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்த பாயிண்ட்ஸ்மேன் என் போனை எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, வண்டிய எடுக்க வந்தவன் வண்டிய எடுப்பான். நீங்க குவார்ட்டர்ஸையும் தண்ணி டேங்கையும்லா எடுத்திருக்கிய. மியூச்சுவலுக்கா வந்திய?"

கடையநல்லூர்க்காரன், பெயர் முருகேசன். என்னைப் போல் படம் எடுக்க வந்தவர்களை ஏற்கெனவே பார்த்திருக்கிறான். வந்தவர்கள் குவார்ட்டர்ஸின் ஒழுகும் கூரையைப் பார்த்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்களாம். சொர்ணத்தின் ஸ்டேஷன் பெயரைச் சொன்னதும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கிருந்து அவன் வீட்டுக்கு ஒரு மணி நேரப் பாதைதான்.

அவன் சரி என்றுவிட்டான். சொர்ணம்தான் பிடி கொடுக்கவில்லை. போனில் நான் வெயிலும் பச்சையுமாக அனுப்பிய படங்களை எடுத்துவைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்தாள்.

"படம் பூரா வெயிலா இருக்கே. அந்த ஊருல மழையே பெய்யாதோ? அட்டை, யானை எல்லாத்தையும் விட்டுட்டியளே?"

யானை எப்போதாவதுதான் வரும் என்றேன். அதை நினைத்து நான் தூக்கம் கெட்டதைச் சொல்லவில்லை.

"இந்த மலையில இருந்து அந்த மலைக்கு ஏற நான் என்ன பேங்கர் இன்ஜினா?" என்றாள். அவளே சிரித்தாள்.

முருகேசன் பதிலுக்கு அவள் ஸ்டேஷன் படங்களைக் கேட்டிருந்தான். அவளும் எடுத்து அனுப்பினாள். அடுத்த ஞாயிறு பிளாட்பாரத்து பெஞ்சில் அவற்றை அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். படங்களில் ரயிலும் இருந்தது. அவன் பார்த்தது சமையலறை ஜன்னலை, பின்பக்கத்து முருங்கையை. தன் அம்மாவை எந்த அறையில் படுக்கவைக்கலாம் என்று என்னிடமே கேட்டான். ஒரு படத்தில் கயிற்றில் நீலக் கட்டம் போட்ட லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

"இது யாரு லுங்கிண்ணே?"

என்னுடையது என்றேன். லீவுக்குப் போகும்போது கட்டிக்கொள்ள அங்கேயே விட்டு வைத்திருப்பது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டான். எனக்கு அதோடு படம் நின்றுவிட்டது. இத்தனை மாதம் என் இடத்துக்கும் சேர்த்துத்தான் ஆள் தேடி அலைந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. சொர்ணம் இங்கே வந்தால் ஊருக்குப் போக எனக்கு ஒரு வாசல் இருக்காது. செங்கோட்டையில் இறங்கி எங்கே போவேன்? வெளியூரில் பிழைக்கிற உங்களில் பலருக்கு இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டே, வராவிட்டாலும் பரவாயில்லை என்றும் நினைக்கத் தொடங்கினேன்.

கடைசியில் நேரில் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்று லீவு போட்டு முருகேசனின் ஸ்டேஷனுக்கு வந்தாள். நல்ல மழை. செருப்பில் ஏறிய அட்டையை உப்பு போட்டுத் தட்டிவிட்டாள், முகம் சுளிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிளாட்பாரத்தில் நின்று, கூரைக்கு யாரிடம் சொல்லவேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது இறக்கத்தில் போகும் கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது.

வண்டி போகும்போது டூட்டியில் இருப்பவர் ஒவ்வொரு வேகனாகப் பார்த்து, கோளாறு இல்லையென்றால் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுக்குப் பச்சைக் கொடி காட்டவேண்டும். கார்டும் பதிலுக்குக் காட்டுவார். அன்று டூட்டி முருகேசனுக்கு. நான் வழக்கம்போல் போனைத் தூக்கினேன். சொர்ணம் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டுச் சக்கரங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். கார்டு பெட்டி வந்ததும் முருகேசன் கொடியை நீட்டினான். அதே நேரம் இவளும் கையை நீட்டினாள். வெறும் கை.

வண்டி போன பிறகுதான் தன் கையைக் கவனித்தாள். வெட்கப்பட்டுக் கீழே இறக்கினாள்.

"கை பழகிட்டு. எங்க நின்னாலும் நீளத்தான் செய்யும்" என்றாள். "அவங்ககிட்ட சரின்னு சொல்லிருங்க."

சொன்னேன். முருகேசன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் அழுதானா, மழைத் தண்ணீரா என்று தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான்.

அன்றைய படம் சரியாக விழவில்லை. வேகன்கள் எல்லாம் ஒரே பழுப்புக் கோடாக இழுபட்டிருக்கின்றன. ஒரு ஓரத்தில் முருகேசன் கொடியோடு, மறு ஓரத்தில் சொர்ணம் வெறுங்கையோடு. நடுவில் பெட்டியிலிருந்து எட்டிப் பார்க்கும் கார்டு, யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல், தன் பச்சைக் கொடியை இரண்டு பேருக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டு போகிறார்.