இறக்கத்தில் இழுத்த லீவர்

பிள்ளைகளே, நான் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய டிராக்டர் ஓட்டுகிறேன். என் மகள் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

அந்த டிராக்டரில் கியரோடு இன்னொரு சின்ன லீவரும் உண்டு. அதை 'ஹை'யில் போட்டால் வேகம். 'லோ'வில் போட்டால் மெதுவாகப் போகும், இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் கொழுந்து மூட்டைகளைப் பின்பெட்டியில் ஏற்றி, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். மூட்டைகள் மேல் என் மனைவியும் அவளோடு கொழுந்து பறிக்கும் மூன்று பெண்களும் இருந்தார்கள்.

"என்னாங்கண்ணே, எறும்புகூட நம்மள முந்திக்கிட்டுப் போகுது!" என்று ஒருத்தி கத்த, எல்லோரும் சிரித்தார்கள். ரோஷத்தில் ஹையிலேயே இறக்கத்தில் இறங்கிவிட்டேன்.

பாரம் பின்னாலிருந்து தள்ளியது. பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை. பயத்தில், ஓடுகிற வண்டியிலேயே லீவரை லோவுக்கு இழுத்தேன். ஹையிலிருந்து கழன்றது, லோவில் விழவில்லை. பிறகு எஞ்சின் பிடிக்காமல் வண்டி தன்பாட்டுக்குப் பாய்ந்தது.

"நிப்பாட்டுங்க! ஐயோ, நிப்பாட்டுங்க!" என்று மனைவி அலறினாள். வளைவுக்கு முன்னால் இருந்த மண்மேட்டில் திருப்பி மோதினேன். பெண்கள் மூட்டைகளோடு சரிந்து விழுந்தார்கள். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

"ஒங்களுக்கு ஒன்னுமில்லையே?" என்று மனைவி ஓடிவந்து கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது இறக்கத்துக்கு முன்பே வண்டியை முழுதாக நிறுத்தி, லோவில் போட்டுத்தான் இறங்குகிறேன். நடுவில் அந்த லீவரைத் தொடுவதில்லை. மூட்டை மேல் ஆள் ஏற்றுவதுமில்லை. மனைவி நடந்தே வருகிறாள். கால் வலிக்கிறது என்கிறாள்.

"வலிக்கட்டும், நட" என்கிறேன்.