காலைத் தூக்கினால் பாட்டு முடியும்

பத்தொன்பது படிகள். பீலெஃபெல்டில் சைக்கிள் திருத்தும் கடையொன்றின் மேல்மாடிக்குப் போகும் மரப்படிகள் அவை. ஆறு வருடங்களாக ஞாயிறு பின்னேரங்களில் அவற்றில் ஏறி வருகிறேன். ஒரு நாள் பத்தாவது படியில் மூச்சு வாங்கியது. கையில் இருந்தது ஒரு மண்டலின் பெட்டி, ஒரு பூசணிக்காயின் பாரம்கூட வராது. அடுத்த கிழமை எட்டாவது படியிலேயே நிற்க வேண்டி வந்தது.

கணவர் தவத்திடம் சொன்னேன். “வயசு போகுது, வேறென்ன,” என்றார். எனக்கு ஐம்பத்தொரு வயது. பாடசாலைச் சமையலறையில் கிழங்கு மூட்டை தூக்குகிறவள். படிக்கட்டில் மட்டும் வயது வருமா என்று சண்டை பிடித்துவிட்டு, நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். மலத்தில் இரத்தம் கண்டபோதும் மூலம்தான் என்று நானே முடிவு கட்டினேன். வைத்தியம் படிக்காத வைத்தியர்கள் நாங்கள்.

இப்போது ஊசி ஏறும் கதிரையில் இருந்தபடி இதை வாசிக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் விட்ட பிழை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த மேல்மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அங்கே கூடுகிறவர்கள் ஏழு பேர். ஆறு பேர் ஜெர்மன்காரர், ஏழாவது நான். புளூகிராஸ் வாசிப்போம். அது அமெரிக்க மலைநாட்டுப் பாட்டு. பாஞ்சோ, வயலின், கிற்றார், மண்டலின், நின்றபடி மீட்டும் பெரிய பாஸ், எல்லாம் வெறும் கம்பியும் மரமும்தான். சைக்கிள் திருத்தக் கொடுத்துவிட்டு நின்ற ஒரு நாள் மேலேயிருந்து சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் வயலின் படித்த விரல்கள் சும்மா இருக்கவில்லை. ஊவே ஒரு மண்டலினைக் கையில் தந்தார். அவர் எங்கள் பாடசாலையில் மரவேலை படிப்பித்து ஓய்வு பெற்றவர், இந்த வட்டத்தின் தலைவர் மாதிரி.

இந்தப் பாட்டுகளில் பாதி சோகம். கதையைக் கேட்டால் ஈரக்குலை நடுங்கும். மகன் சுரங்கத்துக்குள் புதைந்துபோவான், தாய் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வைப்பாள். ஆனால் மெட்டு துள்ளிக்கொண்டு ஓடும். பாடுகிறவரின் முகமோ பஸ் நேர அட்டவணையை வாசிக்கிற முகம். குரல் தழுதழுத்து, தாளம் காலை இழுத்து வரும் சோகப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு வருடம் போன பிறகுதான், அந்தச் சாப்பாட்டுப் பெட்டி எனக்குள்ளேயே கிடக்கிறது என்று விளங்கியது.

இரத்தப் பரிசோதனையில் இரத்தச்சோகை (உடம்பில் செங்குருதி குறைந்துபோதல்) என்றார்கள். பிறகு குடல் உள்நோக்கிப் பரிசோதனை (கமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது). மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் ஒரு வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வைத்தியர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துபோனது.

பெருங்குடல் புற்றுநோய். சத்திரசிகிச்சை. வெட்டி எடுத்ததோடு சேர்த்துப் பார்த்த நிணநீர்க் கணுக்களில் (கிருமியை மறித்து நிற்கும் சின்ன முடிச்சுகள்) மூன்றில் அது பரவியிருந்தது. ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, மொத்தம் பன்னிரண்டு தடவை மருந்து ஏற்ற வேண்டும்.

தவம் வைத்தியசாலையின் கார் தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். நான் பக்கத்தில் இருந்து, பார்க்கிங் சீட்டின் நேரம் முடியப்போகிறது என்று சொன்னேன். கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதீர்கள். எனக்கு உண்மையிலேயே ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அதுபோல என்னையே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் ஆரணி வங்கியில் அவுஸ்பில்டுங் (வேலையோடு கூடிய தொழிற்பயிற்சி) செய்கிறாள். அவளுக்கு என் அமைதி பிடிக்கவில்லை. “அம்மா, ஒருக்கா அழுங்கோவன். நீங்கள் இப்பிடி இருக்கிறதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு,” என்றாள்.

“வந்தால் அழமாட்டனே, பிள்ளை? வரேல்லை,” என்றேன்.

மருந்தில் ஒன்று நரம்பைத் தாக்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். குளிரைத் தொட்டால் விரல் நுனியில் மின்சாரம் அடித்தது. குளிர்சாதனப்பெட்டியில் பால் எடுக்கக் கையுறை போட்டேன். பச்சைத் தண்ணீர் தொண்டையில் முள்ளாய் நின்றது. அது இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஐந்தாவது தடவைக்குப் பிறகு போகவில்லை. விரல் நுனிகள் மரத்தன. பிறகு பாதங்கள். வெறுங்காலோடு நடந்தாலும் காலுறை போட்டது போல இருந்தது. இதற்குப் புறநரம்புப் பாதிப்பு (கை கால் நுனிகளின் நரம்புகள் பழுதாதல்) என்று பெயர்.

ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு முன் ஒரு தாள் தருவார்கள். விரல்களில் உணர்வு எப்படி? சட்டைப் பொத்தான் பூட்ட முடிகிறதா? கட்டம் கட்டமாக இருக்கும், கோடு போட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் ‘குறை இல்லை’ என்று கோடு போட்டேன். பொத்தான் இல்லாத, தலையால் போடுகிற சட்டைகளாகப் பார்த்து வாங்கி உடுத்திக்கொண்டு போனேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? மருந்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டும் ஏற வேண்டும், ஒன்று குறைந்தாலும் அது திரும்பி வந்துவிடும் என்று என் மனதில் அடித்து வைத்திருந்தேன். இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆட்களிடம் யார் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் வாய் தானாகச் சொல்லும், ‘சுகம்’. தலை உடைந்து இரத்தம் ஓடினாலும் அதைத்தான் சொல்வோம். ஜெர்மன் வைத்தியர் கேட்டது மரியாதைக்காக இல்லை, உண்மையிலேயே பதில் வேண்டித்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

மேல்மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. மண்டலினின் எட்டுக் கம்பிகளும் மெல்லிய இரும்பு. விரலுக்குத் தெரியாததால் அளவுக்கு மேல் அழுத்தினேன். ஒரு ஞாயிறு ஊவே பாஞ்சோவை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். கம்பியில் இரத்தம்.

“நோகவில்லையா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“நோகாவிட்டால் அது நல்லதில்லை. வைத்தியரிடம் சொன்னாயா?”

“சொன்னேன்,” என்றேன். பொய் சரளமாக வந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு பாட்டு எழுதத் தொடங்கினேன். எங்கள் வட்டத்தில் எல்லாரும் எப்போதாவது சொந்தமாக ஒன்று எழுதுவார்கள். நான் தமிழில் எழுதினேன். ஊவேக்கு ஜெர்மனில் கருத்துச் சொன்னேன். முதல் வரி, ‘என் கண்ணீர் ஆறாய் ஓடுது’.

ஊவே தாடியைச் சொறிந்தார். “நீ அழுதாயா?”

“இல்லை.”

“பிறகு ஏன் போட்டாய்?”

“சோகப் பாட்டென்றால் கண்ணீர் வேண்டாமா?”

“கண்ணீரைக் கேட்கிறவர்களிடம் விட்டுவிடு. எத்தனை படி, எந்தச் சட்டை, கையில் என்ன இருந்தது, அதைச் சொல். பொய்யான வரி ஒன்று இருந்தால் மற்ற வரிகளும் செத்துப்போகும்.”

கோபம்தான் வந்தது. பெரிய ஆள் வந்துவிட்டார் எனக்குக் கண்ணீரைப் பற்றிச் சொல்ல! பஸ்ஸில் வீடு போய்ச் சேருமுன் அந்த வரியை வெட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் எழுதினேன். நாலு சரணங்கள் வந்தன. கடைசிச் சரணத்தை எழுதிவிட்டுத் தாளை மடித்து மண்டலின் பெட்டிக்குள் வைத்தேன். அதை ஒருவருக்கும் கருத்துச் சொல்லிக் காட்டவில்லை.

எட்டாவது மருந்துக்கும் ஒன்பதாவதுக்கும் இடைப்பட்ட ஞாயிறு அதைப் பாடுவதாக ஏற்பாடு. தவமும் ஆரணியும் முதல் தடவையாக மேல்மாடிக்கு வந்து சுவரோரக் கதிரைகளில் இருந்தார்கள். தவம் ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் வட்டத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்டைத் தொடங்குகிறவர்தான் அதை நடத்துவார். வாய் பாடும், கை வாசிக்கும். ஆகவே முடிக்கிற நேரம் வந்தால் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். காலைக் கண்டதும் எல்லாரும் முடிவு மெட்டை வாசித்து ஒன்றாக நிறுத்திவிடுவோம். தப்பவே தப்பாது.

பாடினேன். மெட்டு ஓட்டமாய் ஓடியது. என் விரல்கள் பாதிச் சுரங்களைத் தவறவிட்டன, வயலின்காரி அதை மூடி மறைத்து வாசித்தாள். மூன்றாவது சரணம் முடியும்போது என் இடது காலில் சப்பாத்து இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. நரம்பு சொல்லாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். காலைத் தூக்கிப் பார்த்தேன். சப்பாத்து இல்லை. கழன்று கதிரைக்குக் கீழே கிடந்தது.

ஆறு பேரும் காலைக் கண்டார்கள். முடிவு மெட்டு வந்தது. எல்லாம் ஒன்றாக நின்றது.

ஒரு சரணம் மிச்சம் இருந்தது. அது இருப்பது ஒருவருக்கும் தெரியாது. ஜெர்மன்காரருக்குத் தமிழ் விளங்காது, வீட்டாருக்குப் பாட்டின் நீளம் தெரியாது. ஊவே கைதட்டக் கையைத் தூக்கிவிட்டார். அப்படியே விட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டிருக்கலாம். ஒன்பதாவது மருந்துக்குப் போய் மறுபடி கோடு போட்டிருக்கலாம்.

ஏன் விடவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மண்டலினை மடியில் சாய்த்துவிட்டு, வெறும் வாயால் பாடினேன்.

*சட்டைப் பொத்தான் பூட்ட ஏலேல்லை,*
*பொத்தானில்லாச் சட்டை வாங்கினன்.*
*சுகமோ எண்டு கேட்ட தாளில*
*சுகம் எண்டுதான் கோடு போட்டனான்.*

குரல் நடுங்கவில்லை. அழுகையும் வரவில்லை. பஸ் அட்டவணை வாசிக்கிற முகத்தோடுதான் பாடி முடித்தேன்.

ஆரணி வாயைப் பொத்திக்கொண்டாள். தவம் எழுந்து வந்து, கதிரைக்குக் கீழே கிடந்த சப்பாத்தை எடுத்து, எனக்கு முன்னால் குந்தியிருந்து காலில் போட்டுவிட்டார். கயிற்றை முடிந்துகொண்டே கேட்டார், “இஞ்சரும், உது பாட்டுக்காக எழுதினதோ, உண்மையோ?”

“உண்மை.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு மாசம்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னால் மருந்தை நிப்பாட்டிப் போடுவினம் எண்டு பயந்திட்டன்.”

அவர் கயிற்றை அவிழ்த்து இன்னொரு தடவை முடிந்தார். என் காலை அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை. அவருடைய விரல் மொளிகள் வெளுத்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்பதாவது மருந்து நாளில் அவரும் உள்ளே வந்தார். நானே வைத்தியரிடம் சொன்னேன். வைத்தியர் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி, நான் போட்ட கோடுகளைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இதை ஐந்தாவது தடவையிலேயே நான் தெரிந்திருக்க வேண்டும்,” என்றார். “நரம்பைத் தாக்கும் அந்த ஒரு மருந்தை மட்டும்தான் நிறுத்துவோம். மற்றது தொடரும். இதனால் நீங்கள் பயந்த மாதிரி சிகிச்சை கைவிட்டுப்போகாது.”

“விரல் திரும்பி வருமா?”

“சிலருக்கு வரும். சிலருக்குப் பாதி வரும். நிறுத்திய பிறகும் மரப்பு சில மாதம் கூடிவிட்டுத்தான் குறையத் தொடங்கும். உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது.”

அதுதான் நடந்தது. சிகிச்சை முடிந்தும் மரப்பு கூடியது, பிறகு நின்றது, பிறகு மெல்ல மெல்ல வலது கையில் குறைந்தது. இடது கையில் இரண்டு விரல்களும் பாதங்களும் இன்னும் திரும்பி வரவில்லை. இரண்டு மாதமாக நான் போட்ட கோடுகளில் எந்தக் கோடு எந்த விரலைக் கொண்டுபோனது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை வாசிக்கிற நீங்கள் தாளில் உண்மையை எழுதுங்கள். ‘சுகம்’ என்பதைக் கோயிலில் காண்கிறவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் உடம்பை நான் பாதி கண்ணால்தான் வைத்திருக்கிறேன். குளிக்கப் போகுமுன் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கிறேன். படி இறங்கும்போது காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறேன். மண்டலினில் வேகமான மெட்டுகளை விட்டுவிட்டேன். விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்து, பிறகு அழுத்துகிறேன். காலமும் மூன்று மாதத் துண்டுகளாகத்தான் வருகிறது. ஒரு பரிசோதனை முடிந்தால் அடுத்ததுவரை. அதற்கு அப்பால் ஒன்றையும் யோசிக்க மனம் போகவில்லை. அழுகையும் இன்னும் வரவில்லை. ஆரணி இப்போது கேட்பதில்லை. அந்தப் பாட்டைக் கைபேசியில் பதிந்து வைத்துக்கொண்டு அவள்தான் அழுகிறாள்.

போன ஞாயிறு மறுபடி நான் ஒரு பாட்டை நடத்தும் முறை. தொடங்குமுன் ஊவே எல்லாருக்கும் சொன்னார், “இவள் நடத்தும்போது யாரும் காலைப் பார்க்க வேண்டாம்.”

“பிறகு எதைப் பார்ப்பது?” என்று பாஸ்காரர் கேட்டார்.

“முகத்தைப் பாருங்கள்.”

“என் முகத்தில் ஒன்றும் தெரியாது,” என்றேன்.

“பரவாயில்லை,” என்றார் ஊவே. “நீ நிறுத்தும்வரை வாசிப்போம்.”

குனிந்து பார்த்தேன். இரண்டு சப்பாத்துகளும் இருந்தன. இரண்டு கால்களும் தரையில்தான் இருந்தன. தொடங்கினேன்.