ஈரச் சுவரெதிரே முடிந்த சம்பந்தம்

கன்னியம்மாள் போய்விட்டார் என்று அவருடைய மருமகன் மாணிக்கம் அடையாற்றில் என் வேலையிடத்துக்கே வந்து சொன்னான். சாரத்திலிருந்து இறங்கி அப்படியே மணல்மேல் உட்கார்ந்துவிட்டேன். நம் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இந்த மாணிக்கம் அவருக்கு மருமகனான கதையை நான்தான் சொல்லவேண்டும். அந்தக் கூத்துக்குக் காரணமே நான். துக்கத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். சிரிப்பு வருகிறது, என்ன செய்ய?

மாம்பலத்தில் தெருத்தெருவாக வீடுகள் எழும்பிய சமயம். கொத்தனார் கிடைப்பார், கடைசிப் பூச்சுக்கு மெருகேற்றும் கை கிடைக்காது. வெண்ணெய்போல் அரைத்த சுண்ணாம்பைப் பூசி, ஈரம் போவதற்குள் வழவழப்பான கல்லால் தேய்க்கவேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வேர்க்கும். துணியால் ஒற்றிவிட்டு மறுபடி தேய்க்கவேண்டும். அந்தக் கை கன்னியம்மாளுடையது. ராயப்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் வக்கீல்களும் டாக்டர்களும் வெற்றிலை பாக்கோடு காத்திருப்பார்கள். வேலையில் நான் பதறினால், "செவுரு வேக்கட்டும் மேஸ்திரி, நீ இன்னாத்துக்கு வேக்குற?" என்பார்.

மகள் சாரதாவைப் பெண் பார்க்க வருவதால் வெள்ளிக்கிழமை வரமாட்டேன் என்று நாலு தடவை சொல்லியிருந்தார். மறந்து தொலைத்தேன்! ஒரு மயிலாப்பூர் வக்கீல் மாம்பலத்தில் கட்டிய வீட்டின் கூடத்துச் சுவரை அன்று காலையே பூசச் சொல்லிவிட்டேன். தேய்க்காமல் விட்டால் சுவர் பாழ், என் பேரும் பாழ். ராயப்பேட்டைக்கு ஓடினேன்.

"உன் மண்டையில இன்னா கீது, சுண்ணாம்பா?" என்று கத்தினார். இரண்டு வருஷமாகத் தட்டித் தட்டிப்போன கல்யாணம் அது. ஆனாலும் தேய்க்கும் கற்களை எடுத்துக்கொண்டு, சாரதாவையும் கூட்டிக்கொண்டு மாம்பலத்துக்குக் கிளம்பினார். "மாப்ள வூட்டுக்காரங்கள அங்கியே இட்டுக்கினு வா. கோச்சிக்கினா நீதான் கால்ல உழணும்."

ஜட்கா வண்டியில் அவர்களை அழைத்துவந்தேன். முழங்கைவரை சுண்ணாம்போடு நின்ற பெண்ணைக் கண்டதும் மாணிக்கத்தின் தாயார் முகத்தைச் சுளித்தார். "பொண்ணு பாக்க வந்தமா, வூடு கட்ட வந்தமா?"

கன்னியம்மாள் திரும்பவே இல்லை. "கோச்சிக்காத சம்மந்தி. கைய எடுத்தா செவுத்துல திட்டு உழுந்துடும்."

"இன்னும் ஒண்ணுமே பேசல, அதுக்குள்ள சம்மந்தியா?"

"அப்ப இப்டி வா, தேச்சிக்கினே பேசலாம்" என்று ஒரு கல்லை நீட்டினார்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லையும் வாங்கிக்கொண்டார். மாணிக்கம் துணியை எடுத்து ஒற்றத் தொடங்கினான். "அங்க இல்ல, இங்க ஈரம் கீது பாரு" என்றாள் சாரதா. அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. பயல் அப்போதே கவிழ்ந்துவிட்டான்.

சாயங்காலம் வக்கீல் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். கல்லும் கையுமாக நின்ற மாணிக்கத்தின் தாயாரை வேலையாள் என்று நினைத்து, "பேஷ், நன்னா இருக்கு! நாளைக்கும் சீக்கிரமா வந்துடு" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் சாரமே ஆடியது. அதன் பலகைமேலேயே தட்டை வைத்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கன்னியம்மாளால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பூச்சுக்கு நாள் குறிக்கும்முன் ஒவ்வொருவரிடமும், "அன்னிக்கு உங்க வூட்ல இன்னா விசேஷம்?" என்று கேட்பேன். போன மாதம், கன்னியம்மாளிடம் வேலை பழகிய ஒருத்தி, மகளுக்கு வளைகாப்பு என்றாள். பூச்சை இரண்டு நாள் தள்ளினேன். வீட்டுக்காரர் தாம்தூம் என்று குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டு வளைகாப்புக்குப் போனேன். அங்கே கன்னியம்மாள்தான் பந்தியைக் கவனித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "மேஸ்திரிக்கு இன்னொரு வடை வையுங்கடி, மனுசனாயிட்டாரு!" என்றார்.