ஜும்ஆ நேரம் வந்த விசா

ராத்தாமாரே, தங்கச்சிமாரே, எங்கட கடையில நடந்த ஒண்டச் சொல்றன்.

கல்முனையில ஒரு ஹஜ் ஏஜென்சியில எனக்குக் கம்பியூட்டர் வேல. மெயில் வாற சேர்வர் கடையில. அது நிண்டா மெயில வாங்க இன்னொண்டு, சாய்ந்தமருதில எங்கட வீட்ட. கடைச் சேர்வர் எழும்பினதும் வீட்டுச் சேர்வர் அதப் பாத்து, அச்சொட்டா அதப் போலயே ஆகிரும். செட் பண்ணித் தந்தவர் வெளியூர்க்காரர். நாங்க மெயின் சுவிட்ச இறக்கிட்டுத்தான் வெள்ளிப் பகல் ஜும்ஆத் தொழுகைக்குக் கடையப் பூட்டுவம் எண்டு அவருக்கு ஆரு சொன்ன?

போன ஹஜ்ஜுக்கு மர்யம் மாமிட விசா மட்டும் வரல்ல. பாலமுனை மனிசி. கணவர் கடல்ல மூழ்கி மௌத்து. வீடு வீடாப் போய் பயணம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பெட்டியும் கட்டிட்டா. விடிஞ்சா பிளைட். வெள்ளிக்கிழம பின்னேரம் அசருக்குக் கிட்ட கடையில வந்து நிக்கிறா.

"புள்ள, அல்லாஹ் என்னக் கூப்பிடல்லயா?"

சவூதி ஆபீசுக்குப் போன் எடுத்தம். "காலையிலயே அனுப்பியாச்சு, இனி நாளைக்குத்தான் ஆள் இருக்கும்" எண்டு வெச்சிட்டாங்க. அவங்கட காலை எண்டா எங்கட ஜும்ஆ நேரம். கடையில கரண்ட் இல்ல. வீட்டுச் சேர்வர்தான் வாங்கியிருக்கும். மறுகா ஜும்ஆ முடிஞ்சு முதலாளி சுவிட்சப் போட்டதும், கடையில இல்லாத மெயில் வீட்டிலயும் அழிஞ்சிருக்கும். வாரா வாரம் இப்பிடித்தான் அழிஞ்சிருக்கு! யா அல்லாஹ்!

மாமிட முகத்தப் பாக்க ஏலல்ல. உள்ளுக்குப் போய் அசர் தொழுதன். நெத்திய நிலத்தில வெச்சு சுஜூதில அழுதன். "யா ரஹ்மானே, அவ உன்ட வீட்டுக்கு வாறா. எங்களால அது தடைபடக்குடா." வேற துஆ வாயில வரல்ல.

ஒருவேள ஏதும் மிச்சம் கிடக்குமோ எண்டு ஆட்டோ புடிச்சு வீட்ட ஓடினன். தங்கச்சி தையல் மெசின்ல குந்தியிருக்கா. நான் பகல் சோறு திண்டுட்டு, முதலாளி கடையத் திறக்க முந்தி கிளம்பினதும், ரவுட்டர்ர பிளக்கக் கழட்டிட்டு மெசினக் கொழுவியிருக்கா. இதுக்கு எத்தின தரம் ஏசியிருப்பன்!

"ஏசாத ராத்தா, இப்ப மாட்டித் தாறன்."

"தொடாதடி!"

லைன் இல்லாததால வீட்டுச் சேர்வர் கடையப் பாக்கவே இல்ல. விசா அப்பிடியே கிடந்திச்சி. பென் டிரைவில ஏத்திக் கடைக்கு ஓடினன். அல்ஹம்துலில்லாஹ், மாமி பயணம் போனா.

இப்ப சேர்வர்ர சுவிட்ச ஒருத்தரும் தொடுறல்ல. செட்டிங்கையும் மாத்தியாச்சு: ஒண்டில இல்லாதத மற்றது குடுக்கும், அழிக்காது. நானும் தங்கச்சிக்கு ஏசுறல்ல. உங்களுக்கும் வழி அடைபட்டா அல்லாஹ்கிட்டக் கேளுங்க. எந்தப் பக்கத்தால தருவான் எண்டு நமக்குத் தெரியாது.

ஆனா மனசு ஆறல்ல. முந்தின வெள்ளிகள்ள ஆர்ர மெயில் போச்சோ, ஆர் எங்கட பதிலுக்குக் காத்துக் கிடந்தாங்களோ. மக்காவில இருந்து மாமி போன் எடுத்தா. "உன்ட பேரச் சொல்லித் துஆக் கேட்டன் புள்ள."

"பேர் தெரியாத அந்த ஆக்களுக்கும் கேளுங்க மாமி" எண்டன்.