அக்காவுக்கு வந்த கார்டு

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. பெரியவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அவள் பார்லர் அக்காதான். மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறினால் அவளுடைய அழகு நிலையம். பஞ்சு பிதுங்கும் இரண்டு நாற்காலிகள், ஒரு பெரிய கண்ணாடி, சொட்டுவதை நிறுத்தவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு குழாய். வாய் ஓயாது பேசுவாள். கை அதைவிட வேகம். "தலையைக் குடு, கவலையையும் சேத்து வெட்டி விடுறேன்" என்பாள்.

காரில் வந்து இறங்குகிற வாடிக்கைக்காரிகளும் உண்டு. அதில் ஒரு டாக்டரம்மா, காசு கொடுக்கும்போது கறுப்புக் கிரெடிட் கார்டு ஒன்றை மேஜைமேல் வைப்பாள். கனமான கார்டு, வைத்தாலே டொக்கென்று கேட்கும். அந்தச் சத்தத்தில் பார்லர் அக்கா சொக்கிப்போனாள். அந்த மாதிரி கார்டு இருந்தால் புது நாற்காலிகளை வட்டியில்லாத் தவணையில் தருவதாகக் கம்பெனிக்காரனும் சொல்லிவைக்க, ஆசைக்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது.

பாங்கில் விண்ணப்பித்தாள். இல்லை என்றார்கள். வரவு செலவையெல்லாம் ஒழுங்காகக் காட்டி மறுபடி கேட்டாள். அப்போதும் இல்லை. இன்னொரு பாங்கில் காரணம்கூடச் சொல்லவில்லை.

"கல்லுல நார் உரிக்கிற வேலை இது. விட்டுத் தொலையேன்," என்றார் பஸ் ஓட்டுகிற அவள் புருஷன்.

அவள் விடவில்லை. இன்னொரு விண்ணப்பம் கொடுக்கப் போனபோது, பழைய பாங்கில் ஒரு பெண் பரிதாபப்பட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க மேல தப்பு இல்ல மேடம். யாருக்கோ ஜாமீன் போட்டிருக்கீங்க. அந்தத் தவணை அடிக்கடி தள்ளிப்போகுது. அது உங்க பேரையும் சேத்து இழுக்குது."

அந்த யாரோ அவளுடைய தம்பி. தாயில்லாத வீட்டில் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். சரக்கு வேன் வாங்கப்போகிறேன் என்று வந்து நின்றபோது, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். வேன் ரோட்டில் ஓடியதைவிட ஒர்க்‌ஷாப்பில் நின்றதுதான் அதிகம். ஆனாலும் அவன் கைவிரிக்கவில்லை. தவறித் தவறியாவது கட்டிக்கொண்டுதான் இருந்தான்.

பாங்கிலிருந்து நேரே அவன் வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், "வா அக்கா," என்று எழுந்தான். அவனை நிற்க வைத்தே கேட்டாள்.

"உனக்குக் கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு ஊரார் முன்னாடி நான் கூனிக்குறுகி நிக்கணுமா? தூக்கி வளத்ததுக்கு நல்ல கைம்மாறு செஞ்சிட்டடா!"

அவன் மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எச்சில் கை காயும்வரை அவன் தலை நிமிரவில்லை.

"முழுசும் கட்டிடுறேன் அக்கா. கட்டிட்டு வந்து உன் முகத்துல முழிக்கிறேன்."

அதற்கப்புறம் அவன் மாடிப்படி ஏறவே இல்லை. 'வந்தா அவனே வரட்டும்' என்று இவளும் வீம்பாக இருந்துவிட்டாள்.

ஒரு மழை நாளில், சரக்கு ஏற்றிப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேனை ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவன் நிமிரவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்து, திட்டிக்கொண்டே இறங்கி வந்துதான் கண்டார்.

பார்லர் அக்கா தலையிலும் மாரிலும் அடித்துக்கொண்டு அழுதாள். தம்பி மனைவி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சில மாதங்கள் போயின. ஒருத்திக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாங்கில் பரிதாபப்பட்ட அதே பெண்.

"சந்தோஷமான விஷயம் மேடம்! நீங்க கேட்ட பிரீமியம் கார்டு ஓகே ஆயிடுச்சு."

"எப்படிம்மா? என்கிட்ட எதுவும் மாறலையே?"

"அந்த ஜாமீன் கடன் முடிஞ்சிடுச்சே! வாங்கினவரு இறந்துட்டாராம். கடனோட சேத்துப் போட்டிருந்த இன்ஷூரன்ஸ்ல மொத்தமும் அடைஞ்சிடுச்சு. இனி உங்க பேரு சுத்தம் மேடம்."

"சரிம்மா," என்றாள். தூக்கிய கையிலிருந்து சாயம் முழங்கை வரை வழிந்தது. "அக்கா, என் காதெல்லாம் ஆகுது!" என்று நாற்காலியில் இருந்தவள் கத்திய பிறகுதான் தன்னினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள். தலை வாரிப் பல நாளாகியிருந்தது.

"கடன் முடிஞ்சதுன்னு பாங்க்ல சொன்னாங்க," என்று இழுத்தாள் பார்லர் அக்கா.

"தெரியும் அண்ணி. இறப்புச் சான்றிதழை நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். கட்டி முடிச்சிட்டு அக்காவைப் பாக்கப் போவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. கட்டி முடிச்சிட்டாரு."

"என்னை நாலு அடி அடிச்சிடும்மா. இப்படிப் பேசாதே."

"அடிச்சா திரும்பி வந்துடுவாரா?"

வாசலிலேயே இருவரும் நின்றார்கள். பிறகு பார்லர் அக்கா, "சீப்பு எங்க வெச்சிருக்க?" என்றாள். தம்பி மனைவி உள்ளே போய் எடுத்து வந்து, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். சிக்கெடுக்க வெகுநேரம் பிடித்தது.

கார்டு வந்து சேர்ந்தது. அதைத் தூர எறிந்துவிடவில்லை அவள். பிழைப்பு நடக்க வேண்டுமே. நாற்காலிகள் வாங்கினாள். டாக்டரம்மா புதுசில் சாய்ந்துகொண்டு, "பரவாயில்லையே, நீயும் பெரிய ஆளாயிட்டே!" என்று சிரித்தாள். பார்லர் அக்கா தலை குனிந்து கத்தரியைத் துடைத்தாள்.

ஞாயிறுதோறும் தம்பி வீட்டுக்குப் போய்வந்தாள். சில வாரம் கதவைத் திறப்பது தம்பி மகளாக இருக்கும். "அம்மா வெளிய போயிருக்காங்க அத்தை" என்பாள். உள்ளறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கும்.