சிவப்பு வௌன்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொல்லி நீங்கள் கேட்பதைவிட இது கொஞ்சம் கௌரவம்.

எங்கள் வீட்டில் ஒரு கார்தான். டென்மார்க்கில், பிராண்டே மாதிரிச் சின்ன ஊரில் இரண்டு பேர் ஒரு காரில் வேலைக்குப் போவது, ஒரு சோடிச் சப்பாத்தை இரண்டு பேர் போடுவது மாதிரி. அவளுக்குப் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் மூன்று மணிக்கு வேலை முடியும். எனக்குத் தொழிற்சாலையில் நான்குக்கு. இடையில் ஒரு மணித்தியாலம் வாசலில் நின்று என்னைப் பற்றி யோசிப்பாள். என்ன யோசிப்பாள் என்று நான் கேட்டதில்லை.

இரண்டாவது கார் தேடும் பொறுப்பு எனக்கு. பழைய சாமான் விற்கும் இணையத்தளத்தில் ‘ஜேர்மன், டீசல்’ என்று தேடினேன். கார்களுக்கு நடுவே அது வந்து நின்றது. ஒரு காலத்தில் ஜேர்மன் கிராமங்களுக்கிடையே ஓடிய டீசல் ரயிலின் சின்ன மாதிரி; சிவப்பு நிறம், இரண்டு பெட்டி, தண்டவாளத்தோடு. முன்னே போனால் வெள்ளை விளக்கு எரியும். உள்ளே நெல்மணி அளவில் ஒரு சாரதி, தொப்பியோடு. எனக்கு வயது ஐம்பத்தாறு.

சனிக்கிழமை அவளை வேலைக்கு இறக்கிவிட்டு, நேரே ஸ்கீவ என்ற ஊருக்குப் போய் வாங்கினேன். “பேரப்பிள்ளைக்கா?” என்றார் விற்ற கிழவர். ஓம் என்று தலையாட்டினேன். பேரப்பிள்ளை இனித்தான் பிறக்க வேண்டும்.

டேனிஷில் ரயில் பெட்டியும் வௌன், காரும் வௌன். அந்த வசதியை வீணாக்க மனம் வரவில்லை. மனைவிக்குச் செய்தி அனுப்பினேன்: ‘ஜேர்மன் டீசல். சிவப்பு வௌன். எடுத்திட்டன்.’ ஒரு சொல்லும் பொய்யில்லை. பார்த்ததும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் நம்பிவிட்டாள். நம்பி, காலை ஆறு மணி வேலைக்குத் திங்கள் முதல் வருவதாகப் பொறுப்பாளரிடம் சொல்லியும்விட்டாள். தனக்கென்று கார் இல்லாததால் இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட நிரந்தர இடம் அது.

மூன்று மணிக்கு, நான் பழைய காரோடு காத்துநின்ற இல்லத்து வாசலுக்கு, புதுக் கார் பார்க்க ஒரு டேனிஷ் தோழியையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“எங்கை நிக்குது?”

“பின் சீற்றிலை.”

பின் சீற்றில் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தாள். தொப்பிக்காரச் சாரதியைக் கனநேரம் பார்த்தாள். தோழி மிக மரியாதையாக, நல்ல நிறம் என்று சொல்லிவிட்டு நழுவினாள்.

“இந்தக் கோச்சியிலை எத்தினை பேர் போகலாம்?”

“உம்மடை சொந்தக்காரர் முழுப்பேரும் போகலாம்.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கையை நீட்டினாள். கார்த் திறப்பைக் கொடுத்தேன். சாரதி இருக்கையில் ஏறி, பெட்டியைத் தூக்கி, பக்கத்தில் ஏறிய என் மடியில் வைத்தாள். திங்கட்கிழமையும் கார் அவளோடுதான் போகப்போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இஞ்சரும், அப்ப நான் என்னெண்டு வேலைக்குப் போறது?”

“உங்களுக்குத்தான் வௌன் இருக்கெல்லே.”