விபூதி விழுந்த தண்ணி

அந்தப் போத்தலத் தொறந்துறாதீங்க மதினி. சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கவும் தீர்த்தம்னு நெனச்சீங்களா? அது கடல் மிஸ் விட்டுட்டுப் போன தண்ணி. ஒங்களுக்குத் தெரியாது, அப்ப நீங்க மக பிரசவத்துக்கு மஸ்கெலியா போயிருந்தீங்க. அந்தப் புள்ளைக்குக் காது குத்துறப்ப அது போட்ட சத்தம் இருக்கே... சரி, அத விடுங்க.

மிஸ் கொழும்புல கடல் தண்ணியப் படிக்கிறவங்க. கப்பல்ல எல்லாம் போயிருக்காங்க. "உப்பு மட்டும் இல்ல பாட்டி, கடல்ல இரும்பு, செம்பு எல்லாம் கரஞ்சிருக்கு. கண்ணுக்கே தெரியாத அளவு. அது இல்லாட்டி மீனுக்குத் தீனியே இல்ல"ன்னாங்க. ரேடியம்னு ஒண்ணு, கதிர் விட்டுவிட்டுத் தானா கொறஞ்சுகிட்டே போகுமாம். அது எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு பாத்தா, தண்ணி கரைய விட்டு எப்பக் கெளம்புச்சுன்னு தெரிஞ்சிருமாம். "எனக்கும் வயசு பாத்துச் சொல்லுங்க மிஸ், பொறந்த பத்திரமே இல்ல"ன்னேன். அப்படிச் சிரிச்சாங்க.

கடலுக்குப் போற இரும்புல நம்ம மலையிலேர்ந்து மழ கழுவிட்டுப் போறதும் உண்டாம். அதனால மேல ஓடையில மொத மழத் தண்ணி வேணும். தவறுனா அடுத்த வருசந்தான், படிப்பும் அதோட நிக்கும். கூட வந்த பொண்ணுக்குக் காய்ச்சல், கீழேயே படுத்திருச்சு. நான்தான் தொணைக்குப் போனேன். போத்தல் பைக்குள்ள இருக்கும்; கை அழுக்கு தண்ணியில படாம இருக்க ஒருத்தர் பைய மட்டும் தொடணும், ஒருத்தர் போத்தல மட்டும் தொடணும். எனக்குப் பை. நம்ம ஆசாரமெல்லாம் அதுக்கிட்ட நிக்காது.

ரொப்புன போத்தல முனியாண்டி கல்லுகிட்ட வச்சிட்டு, அட்ட கடிச்ச கால மிஸ் தொடச்சிக்கிட்டு இருந்தாங்க. எங்க நாத்தனா வந்தா. முனி தண்ணி அம்புட்டுத் தூரம் போகுது, காவல் வேணாமான்னு ஒவ்வொரு மூடியாத் தொறந்து, விபூதிய ஒரு சிட்டிக போட்டுட்டா. போட்டுட்டுக் கும்பிடுறா வேற.

மிஸ் ஏசல. "சாம்பல்லயும் அந்த இரும்பு, செம்பு எல்லாம் இருக்கு பாட்டி, இனி இது கணக்குக்கு ஆகாது"ன்னு மட்டும் சொன்னாங்க. கண்ணு கலங்கிப் போச்சு. மிச்சம் ஒரே ஒரு காலிப் போத்தல்.

நாத்தனாவுக்கு மொகமே செத்துப் போச்சு. மறுபடி ஏறுனோம். வளையல் ஒரசுனாக்கூடக் கணக்குத் தப்பும்னாங்க. நான் வளையல், மூக்குத்தி, கொண்ட ஊசி எல்லாம் கழட்டி அவ மடியில போட்டேன். "மதினி, மொட்டச்சி மாரி இருக்கீங்க"ன்னா. "யாரால?"ன்னேன். தாலிய மட்டும் கழட்டல. மிஸ்ஸே அத என் ரவிக்கைக்குள்ள சொருகி விட்டாங்க.

பொறகு போன் வந்துச்சு. "ஒரே போத்தல்தான் பாட்டி, ஆனா அவ்வளவு சுத்தம். படிப்பு நிக்கல." நாத்தனா அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டா.

அன்னைக்கு விபூதி விழுந்து கெட்ட போத்தல்ல ஒண்ணுதான் இது. பாருங்க, விபூதி அடியில தங்கிருச்சு, மேல எப்படித் தெளிஞ்சு கெடக்குன்னு. நான் இன்னும் கடலப் பாத்ததில்ல மதினி. ஓடையில போனது இந்நேரம் போய்ச் சேந்திருக்கும். அங்க அது எத்தன தலமொறைக்குச் சுத்தி...

பீலியில தண்ணி விழுற சத்தம் கேக்குதே. எந்திரிங்க, கொடத்த எடுங்க, நின்னுறப் போகுது.